மடைப்பள்ளிச் சுவருக்கு வெளியே

அன்று காலைப் பிரசாதம் வெண்பொங்கல். அது கடல்நீராகக் கரித்தது. கொடிமரத்தின் அருகே நின்றவர்கள் கையில் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. வழக்கமாகக் கொஞ்சம் நின்று பேசுகிறவர்கள் அன்று நேராகக் கிணற்றடிக்குப் போனார்கள். பெருமாள் ஏற்று அமுது செய்ததைக் குறை சொல்வது அந்த ஊரில் வழக்கமில்லை.

கோமளம் வரிசையின் கடைசியில் நின்றாள். பொங்கலைச் செய்தவர் அவள் கணவர் பாஷ்யம். தலையில் அடிபட்டு ஐந்து மாதம் கழித்து அவர் மடைப்பள்ளிக்குத் திரும்பிய முதல் நாள் அது. வாயில் வைத்த உடனே அவளுக்கு விளங்கிவிட்டது, உப்பு இரண்டு முறை விழுந்திருக்கிறது. மிச்சமில்லாமல் விழுங்கிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

சதுரங்கப்பட்டினத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில், சவுக்குத் தோப்புகளுக்குப் பின்னால் இருக்கிறது அந்த ஊர். பெருமாள் கோயில் சின்னது. அதன் மடைப்பள்ளி இரண்டு குடும்பங்களுக்குப் பாத்தியம். ஒரு மாதம் பாஷ்யத்தின் முறை, மறு மாதம் அவருடைய சித்தப்பா மகன் வாசுதேவனின் முறை. சன்னிதித் தெருவில் இருவருக்கும் ஆளுக்கொரு வீடு. முறையைச் செய்கிறவரைக்கும் வீடு. முறை போனால் வீடும் போகும்.

1956ஆம் வருஷம் ஐப்பசி மழையில், வாசுதேவனின் முறைக்கு ஒத்தாசையாகக் கிணற்றிலிருந்து குடத்தோடு வந்த பாஷ்யம் மடைப்பள்ளிப் படியில் வழுக்கி மல்லாந்து விழுந்தார். பின்மண்டை கல்தொட்டியின் விளிம்பில் மோதியது. வண்டி கட்டி ரோட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஒரு லாரியில் ஏற்றிச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நினைவு திரும்பவே பல நாளாயிற்று. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "காயம் ஆறிடுச்சு. மூளை குலுங்கினதுக்கு மருந்து இல்லம்மா. எது திரும்பி வரும், எது வராதுன்னு என்னால சொல்ல முடியாது. வீட்ல வெச்சுப் பொறுமையாப் பார்த்துக்குங்க."

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் வராந்தா முழுக்க ஜனம் காத்திருந்தது.

பார்வைக்கு அவர் பழைய பாஷ்யம்தான். நெற்றியில் திருமண் நூல் பிடித்த மாதிரி விழும். பாசுரம் ஒரு சொல் தப்பாது. ஆனால் கிணற்றடியில் குளித்துவிட்டு வந்து, துண்டை உதறிப் போட்டு, "குளிச்சுட்டு வந்துடறேன்" என்று மறுபடியும் போவார். விரல்நுனி வெளுத்துச் சுருங்கும்வரை குளிப்பார். கையைப் பிடித்துத் தடுத்தால் கோபம் வரும். கல்யாணமான நாளிலிருந்து உரக்கப் பேசாத மனுஷர் ஒருநாள் சொம்பை எடுத்து அவள் மேல் எறிந்தார். அது புருவத்தில் பட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவரே அருகில் வந்து, "எங்கே இடிச்சுண்டே? பார்த்து நடக்கப்படாதோ?" என்று மஞ்சள் குழைத்துப் போட்டுவிட்டார்.

வச்சலா அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊர் திருக்கழுக்குன்றம். விடுமுறையில் ஊருக்கு வந்தால் சில சமயம் பஸ் ஏறிக் கோமளத்தைப் பார்க்க வருவாள். யாரும் அவளை அனுப்பவில்லை. வார்டில் இருந்த நாட்களில் கோமளத்தோடு ஏற்பட்ட பழக்கம்தான். ஒருமுறை பாஷ்யத்தைக் கண்ணை மூடச் சொல்லி, பெருங்காயக் கட்டியை மூக்கருகே நீட்டினாள்.

"இது என்ன மாமா?"

அவர் காத்திருந்தார். பிறகு கையை நீட்டித் தடவிப் பார்த்து, "கல்லு" என்றார்.

வச்சலா கட்டியைக் காகிதத்தில் மடித்துக் கோமளத்திடம் கொடுத்தாள். "வாசனை போயிடுச்சு மாமி. பால் தீஞ்சாக்கூட அவருக்குத் தெரியாது. அடுப்புகிட்டத் தனியா விடாதீங்க."

"அவர் தொழிலே அடுப்புதானேம்மா."

"தெரியும்." வச்சலா தயங்கினாள். "நான் படிச்சது கொஞ்சம்தான். ஒண்ணு செஞ்சு பாருங்க. எல்லாத்தையும் தினம் ஒரே எடத்துல, ஒரே வரிசையில வையுங்க. தப்புப் பண்ணின பிறகு திருத்தாதீங்க. தப்பு வர்றதுக்கு முன்னாடியே அடுத்த சாமானைக் கையில குடுத்துடுங்க. சொல்லிக் குடுத்தா மறந்துடுவார். கைப்பழக்கம் நிக்கும்."

கோமளம் அப்படியே செய்தாள். கார்த்திகையிலிருந்து வீட்டுச் சமையலறை அவருக்குப் பள்ளிக்கூடமானது. அரிசி இடது பக்கம், பருப்பு அதற்கடுத்து. உப்பை மட்டும் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் அளந்து வலது பக்கம் வைப்பாள். கிண்ணம் காலியானால் உப்புப் போட்டாயிற்று என்று பொருள். வீட்டிலும் பெருமாளுக்குக் காட்டாமல் எதையும் வாயில் வைக்க முடியாது. அதனால் சரியா தப்பா என்பது இலை போட்ட பிறகுதான் தெரியும். ஆரம்பத்தில் தப்பிய நாட்கள் நிறைய. மார்கழியில் குறைந்தன. தை பிறந்தபோது அவர் சமைத்த குழம்பும் கறியமுதும் பழைய கைமணத்தோடு இருந்தன. அவள் சாப்பிடும்போதே அழுதாள். "காரமா?" என்று கேட்டார் பாஷ்யம்.

அதற்குள் வாசுதேவன் களைத்துப்போயிருந்தான். முறையில்லாத மாதங்களில் செங்கல்பட்டுப் பக்கம் கல்யாணச் சமையலுக்குப் போகிறவன் அவன். விபத்துக்குப் பிறகு இரண்டு முறையும் அவன் தலையில் விழுந்தன.

"மன்னி, நான் அண்ணா முறையைப் பிடுங்கிக்க வரலை. பங்குனிலேர்ந்து அவர் பண்ணலைன்னா தர்மகர்த்தா வேற ஏற்பாடு பண்ணியாகணும்கறார். தை மாசக் கல்யாணம் ஒண்ணுக்குக்கூட நான் போகலை. என் ஆத்துலயும் நாலு வாய் இருக்கு."

கோமளம் தர்மகர்த்தா ராமானுஜத்தின் வீட்டுக்குப் போய் அழுதாள். அவர் செங்கல்பட்டில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். "பங்குனி முறையை அவனே பண்ணட்டும்மா" என்றார்.

மடைப்பள்ளிக்குள் பெண்கள் போகக் கூடாது. வீட்டுப் பாத்திரமும் போகக் கூடாது. தளிகை செய்கிறவர் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். ருசி பார்க்கக் கூடாது, முகரவும் கூடாது. கை அளவும் கண் அளவும்தான். பித்தளைக் கிண்ணத்துக்குப் பதிலாக, கோயில் உப்பையே ஒரு வாழை இலைத் தொன்னையில் அளந்து அடுப்புக்கு வலது பக்கம் வைப்பதாக வாசுதேவன் ஒப்புக்கொண்டான். வைத்தான். அப்படி வைத்தும்தான் அந்தப் பொங்கல் கரித்தது.

மறுநாள் அவன் கதவிடுக்கில் நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

"தொன்னையில இருந்த உப்பைச் சரியாத்தான் போட்டார் மன்னி. போட்டுட்டு, காலித் தொன்னையைத் தூக்கி அடுப்புல எறிஞ்சுட்டார். மடைப்பள்ளியில எச்சம் சொச்சம் இருக்கப்படாதோன்னோ. சின்ன வயசுலேர்ந்து அப்படிப் பழக்கினது. அப்புறம் திரும்பிப் பார்த்தார். தொன்னையைக் காணோம். உப்பு வைக்கலைன்னு நெனைச்சு உப்பு மரவையிலேர்ந்து அள்ளிப் போட்டார்."

"நீ உள்ளே போய்ச் சொல்லப்படாதோ?"

"போனேனே. கரண்டியை ஓங்கிண்டு வந்தார். 'என் முறையில உனக்கென்னடா வேலை'ன்னு."

கோயிலின் வெண்கலக் கிண்ணம் ஒன்றில் உப்பை வைத்துப் பார்த்தார்கள். பாஷ்யம் உப்பைப் போட்டதும் கிண்ணத்தைக் கழுவி, துடைத்து, அலமாரியில் அதன் இடத்தில் கவிழ்த்து வைத்தார். பிறகு அடுப்பின் வலது பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. மரவையைத் திறந்தார்.

சில நாள் சரியாக இருந்தது. சில நாள் கரித்தது. ஒருநாள் உப்பே இல்லை. வாசுதேவன் ஒரு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போய்விட்டான். தெருவில் யாரும் வாய் திறக்கவில்லை. பாஷ்யத்துக்கும் அவர் பங்குப் பிரசாதம் வீட்டுக்கு வரும். உப்பும் புளிப்பும் அவர் நாக்குக்கு இன்னும் தெரியும். ஒரு வாய் உண்டுவிட்டு நிமிர்வார்.

"இன்னிக்கு வாசு முறையா கோமளம்? கரிக்கறதே. அவனுக்கு இன்னும் கை வரலை. நான் போய்ச் சொல்லித் தரணும்."

அந்த ஊரில் பிரசாதத்தைக் குறை சொன்னவர் அவர் ஒருவர்தான். இல்லை, இன்னொருத்தியும் உண்டு. மடைப்பள்ளிக்குச் சவுக்கு விறகு கொண்டுவரும் எல்லம்மாள். கோமளத்தைத் தெருமுனையில் பார்த்துச் சுமையை இறக்காமலே கேட்டாள்.

"இன்னா மாமி, உங்க சாமி சமுத்திரத்துல முழுவிட்டு நேரா சோத்துல குந்திகினாரா? தண்ணி குடிச்சு குடிச்சு வவுறு ஊதிப் போச்சு."

"பிரசாதத்தை அப்படிச் சொல்லாதே எல்லம்மா."

"நானு சாமியவா சொன்னேன்? சோத்தச் சொன்னேன். பேசாம ஐயருக்கு உப்பிலின்னு பேரு வெச்சுடுங்க. அப்பவாச்சும் உப்பு போடாம இருப்பாரு."

கோமளத்துக்குச் சிரிப்பு வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. எல்லம்மாள் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். எத்தனை பேர் இதே வார்த்தையை வீட்டுக்குள் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று அப்போதுதான் நினைத்தாள். அவர்கள் வெளியே சொல்லாததால்தான் தன் தலைக்கு மேல் கூரை இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

வச்சலா அடுத்த முறை வந்தபோது கோமளம் தொன்னையின் கதையைச் சொன்னாள்.

"வீட்ல கிண்ணம் காலியானதும் அதை யாரு எடுப்பாங்க?"

"அவர் கழுவப் போவார். நான் வாங்கி மறுபடி அங்கேயே வெச்சுடுவேன்."

"அதுக்கப்புறம் என்ன பண்ணுவீங்க?"

"அடுத்தது என்னவோ அதைக் கையில குடுப்பேன்."

"அப்ப வேலை செஞ்சது கிண்ணம் இல்ல மாமி. நீங்கதான்." வச்சலா குரலைத் தாழ்த்தினாள். "நீங்க உள்ள போகவே முடியாதா?"

"பொம்மனாட்டிகள் போகப்படாதும்மா."

அதற்குமேல் வச்சலாவிடமும் யோசனை இல்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, கோமளத்தின் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

சித்திரை வாசுதேவனின் முறை. பிரசாதம் எப்போதும் போல இருந்தது. பாஷ்யம் அதை ருசித்து உண்டு, "இன்னிக்கு எனக்கு நன்னா அமைஞ்சுடுத்து" என்று சொல்லிக்கொண்டார்.

வைகாசியில் மறுபடி அவர் முறை வந்தது. ஒரு காலை மடைப்பள்ளியிலிருந்து திரும்பியவரின் வேஷ்டியைப் பார்த்துக் கோமளம் நின்றுவிட்டாள். முழங்காலுக்குக் கீழே ஒரு கையகலத்துக்குத் துணியே இல்லை. ஓரம் கருகிச் சுருண்டிருந்தது. காலில் தோல் சிவந்து கொப்புளித்திருந்தது.

"என்னன்னா இது? எப்படி ஆச்சு?"

அவர் குனிந்து பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. "நனைஞ்சிருக்கே" என்றார். யாரோ தண்ணீர் ஊற்றி அணைத்திருக்கிறார்கள். ஊற்றியது அவரா, பூஜை செய்யும் பட்டரா என்று கேட்டதற்கு, வேறு வேஷ்டி எடுக்க உள்ளே போனார்.

அன்று மாலை அவள் ராமானுஜத்தின் வீட்டுக்குப் போனாள்.

"மாமா, அவரை மடைப்பள்ளிலேர்ந்து நிறுத்திடுங்கோ."

ராமானுஜம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தை மாசம் நீதானேம்மா வந்து அழுதே, முறையைக் குடுங்கோன்னு?"

"நான்தான். இப்போ நானே சொல்றேன்."

"வீடு முறையோட சேர்ந்தது. நினைவு இருக்கோன்னோ?"

"இருக்கு மாமா. திருக்கழுக்குன்றத்துல எங்கேயாவது பத்துப் பாத்திரம் தேய்ச்சுப் பிழைச்சுக்கறேன்."

"காரணம்னு என்னத்தைச் சொல்றது?"

அவள் வாய்வரை வந்ததை நிறுத்திக்கொண்டாள். அவரும் தினம் பிரசாதம் வாங்குகிறவர். கிணற்றடிக்குப் போகிறவர்களில் அவரும் ஒருவர். அவர் சொல்லட்டும் என்று இவள் காத்திருந்தாள். இவள் சொல்லட்டும் என்று அவர் காத்திருந்தார்.

"அவருக்கு வாசனை தெரியலை மாமா. வேஷ்டி பத்திண்டதுகூடத் தெரியலை. ஒருநாள் முழுசாப் பத்திக்கும்."

அப்போது வாசலில் பாஷ்யம் நின்றார். அவளைத் தேடி வந்திருக்கிறார். வேறு வேஷ்டி, பளிச்சென்று திருமண். உள்ளே வந்து ராமானுஜத்தை வணங்கிவிட்டு, நின்றபடியே பேச்சைக் கேட்டார்.

"மாமா, இவள் சொல்றதைப் பெரிசா எடுத்துக்காதேங்கோ. இவள் மடைப்பள்ளி வாசப்படியை மிதிச்சதே இல்லை. அங்கே நடக்கறது இவளுக்கு எப்படித் தெரியும்?"

அதில் கோபம் இல்லை. நியாயம் இருந்தது.

ராமானுஜம் பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் கேட்டார்: "பாஷ்யம், ஒரு மரக்கால் அரிசிப் பொங்கலுக்கு உப்பு எவ்வளவு?"

பாஷ்யம் சொன்னார். பருப்பின் அளவையும் சேர்த்துச் சொன்னார். அரிசி எந்தப் பதத்தில் மலர்ந்தால் உப்பைச் சேர்க்க வேண்டும், நெய் எப்போது, மிளகைத் தட்டிப் போடுவதா முழுசாகப் போடுவதா, எல்லாவற்றையும் கை விரித்துக் காட்டி விளக்கினார். கேட்கக் கேட்க ராமானுஜத்தின் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது.

"பார்த்தியாம்மா. எனக்கே இவ்வளவு தெரியாது."

"எவ்வளவுன்னு அவருக்குத் தெரியும் மாமா. போட்டாச்சான்னுதான் தெரியாது."

பாஷ்யம் கூடத்து விட்டத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெருமாள் ஏத்துண்டு அமுது செஞ்சதை, சரியில்லைன்னு நான் எப்படிச் சொல்றது?" என்றார் ராமானுஜம் கடைசியில். "எந்த வாயால உங்களைத் தெருவுல இறக்கறது? வாசுவாலயும் ரெண்டு முறை பண்ண முடியலைங்கறான். நீ சித்தப் பக்கத்துல இருந்து பார்த்துக்கோம்மா."

"பக்கத்துலன்னா எங்கே மாமா?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "வெளியிலதான்."

வழி நெடுக பாஷ்யம் அவளுக்கு முன்னால் நடந்தார். தெரு திரும்பும் இடத்தில் நின்று, "எங்கே போயிட்டு வரோம்?" என்று கேட்டார்.

மறுநாள் காலை கோமளம் ஸ்நானம் செய்துவிட்டு மடைப்பள்ளியின் பின்சுவருக்குப் போனாள். அடுப்புக்கு நேராகப் புகை போவதற்கு ஒரு துவாரம் உண்டு. அதன் கீழே கல்லில் உட்கார்ந்தாள். தோப்பிலிருந்து வந்த காற்றில் கடல் வாடையும் கலந்திருந்தது. அதையெல்லாம் ஒதுக்கி, துவாரத்திலிருந்து வருவதை மட்டும் பிரித்து முகர வேண்டும். சவுக்கு விறகு பிடித்துக்கொண்டது. தண்ணீர் கொதித்தது. பாசிப்பருப்பு குழைந்தது. எல்லாம் வரிசையாக வந்தன. கொஞ்ச நேரத்தில் அரிசி அடிபிடிக்கும் வாசனை மெல்லியதாக எட்டியது.

"ஏன்னா, அடி பிடிக்கறது. கிளறுங்கோ."

உள்ளே சத்தம் நின்றது. பிறகு வெண்கலத்தில் கரண்டி உரசியது. வாய்த்துணிக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. "யாரது?"

"நான்தான். கோமளம்."

"நீ எங்கே இங்கே வந்தே?"

"சும்மா. காத்தாட உக்காந்திருக்கேன்."

எல்லம்மாள் விறகுச் சுமையோடு பின்வாசலுக்கு வந்தாள். சுவரோரம் மூக்கைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துச் சுமையை இறக்கினாள்.

"இன்னா மாமி, இங்க குந்திகினு கீறே?"

"அவருக்கு வாசனை தெரியாது. தீஞ்சா நான் சொல்லணும்."

"துணி பத்திகிச்சுன்னா?"

"அதுவும் வாசனை வரும். கத்துவேன். யாராவது ஓடிவருவா."

எல்லம்மாள் சுவரைப் பார்த்தாள், துவாரத்தைப் பார்த்தாள். "அதெல்லாம் சரி. உப்புக்கு இன்னா பண்ணுவே?"

எல்லம்மாள் கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். விறகை எண்ணிப் போட்டுவிட்டுப் போனாள்.

அரிசி மலர்ந்த மணம் வந்தது. உப்புச் சேர்க்கும் பதம் இதுதான் என்று கோமளத்துக்குத் தெரியும். அவரே நேற்றுக் கையை விரித்துக் காட்டினாரே. அவள் எழுந்து காதைச் சுவரில் வைத்தாள். ஒரு மூடி திறக்கும் சத்தம் கேட்டது. மரவையாக இருக்கலாம், நெய்ச் செம்பாகவும் இருக்கலாம். தண்ணீர் ஊற்றும் ஒலி. பாத்திரம் கழுவும் ஒலி. பிறகு எதுவுமில்லை. அவர் நின்று அடுப்பின் வலது பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

"ஏன்னா, உப்புப் போட்டாச்சா?"

"போட்டாச்சு, போட்டாச்சு."

அந்தக் குரலில் நிச்சயம் இருந்தது. அது எப்போதும் இருக்கும். சற்றுக் கழித்து இன்னொரு மூடி திறந்தது. கோமளம் நெற்றியைக் கல்லில் சாய்த்துக்கொண்டு ஆழமாக முகர்ந்தாள். நெய் வந்தது, மிளகு வந்தது, சீரகம் வந்தது. உப்புக்கு வாசனை கிடையாது.

மணி அடித்தார்கள். அவள் சுற்றிக்கொண்டு கொடிமரத்துக்குப் போய் வரிசையில் நின்றாள். ராமானுஜம் அவளுக்கு முன்னால் இருந்தார். பிரசாதம் வாங்கி, கண்ணில் ஒற்றி, வாயில் போட்டுக்கொண்டு கிணற்றடிப் பக்கம் நடந்தார். அவள் முறை வந்தது. கையை நீட்டினாள்.

வீட்டில் பாஷ்யம் ஒரு வாய் உண்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னிக்கு வாசு முறையா?"

கோமளம் அவர் பக்கத்தில் தண்ணீர்ச் செம்பை வைத்தாள்.

"ஆமாம்" என்றாள்.